எழுத்தைச் சொன்னால் சொல் வரவில்லையா?

ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்டால் கிங், கீ, கிச்சன் என்று மளமளவென்று வரும். அதே 'கே' மூன்றாவது எழுத்தாக இருக்கும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் விட்டத்தைப் பார்ப்பார்கள். லைக், கேக், மேக், டேக், ஆஸ்க் எல்லாம் அப்படிப்பட்டவைதான், தினமும் வாயில் புழங்குபவை.

உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்தார்கள். கே, எல், என், ஆர், வி ஆகிய ஐந்து எழுத்துகளும் ஆங்கிலத்தில் முதலிடத்தைவிட மூன்றாமிடத்தில்தான் அதிகம் வருகின்றன. ஆனால் 152 பேரில் 105 பேர், இவற்றில் பெரும்பாலானவை முதலிடத்தில்தான் அதிகம் வரும் என்றார்கள். எளிதில் நினைவுக்கு வருவதை நிறைய இருப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. சொல்லின் தொடக்கம், ஓசை, பொருள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அது தேடும். நடு எழுத்தைப் பிடித்துத் தேடும் பழக்கம் அதற்கு இல்லை.

நினைவாற்றல் பரிசோதனை செய்யும் உளவியலாளர் என்பதால் இதைச் சொல்கிறேன். கைபேசியில் எழுத்து விளையாட்டு ஆடித் தோற்றுவிட்டு, மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயந்து வருபவர்கள் உண்டு. நடுவில் 'ஆர்' உள்ள ஐந்தெழுத்துச் சொல் சிக்கவில்லை என்பதை வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது.

நாங்களும் எழுத்தைக் கொடுத்துச் சொல் கேட்பதுண்டு, அது முதல் எழுத்து மட்டும். நினைவையும் சிந்தனைத் திறனையும் சுருக்கமாகப் பார்க்கும், மோகா எனப்படும் மான்ட்ரியல் பரிசோதனையின் ஆங்கில வடிவத்தில் 'எஃப்' எழுத்துக்கு ஒரு நிமிடம். 11 சொல் வந்தால், மொத்தம் 30 மதிப்பெண்ணில் ஒன்று கிடைக்கும். ஆள், ஊர்ப் பெயர்களும் எண்களும் சேராது. ஆகவே ஃபிரான்ஸும் ஃபைவும் போயிற்று. போட்டோ, போன் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காதுக்கு 'எஃப்', எழுத்தில் 'பி'.

எண்ணிக்கையோடு, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, ஒரு வழி அடைபட்டதும் இன்னொரு வழிக்குத் தாவுகிறாரா என்பதையும் கவனிப்போம். அந்தத் தாவலுக்கு மூளையின் முன்பகுதி முக்கியம். விலங்குகளின் பெயர்களைத் தனியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் பொதுவாக எழுத்துத் தேடலைவிட விலங்குப் பட்டியல்தான் அதிகம் சுருங்கும். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, சில மாத்திரைகள்கூட வேகத்தைக் குறைக்கும்.

வேறு மொழியில் படித்தவரை ஆங்கில எழுத்தில் சோதிப்பது நியாயமில்லை. எந்த மொழியில், எத்தனை வருடம் படித்தீர்கள் என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரிடம் இன்னொரு வேண்டுகோள்: அப்பாவை முந்தின நாளே உட்காரவைத்து 'எஃப்' சொற்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பாசம் புரிகிறது, ஆனால் பிறகு அந்தப் பரிசோதனையால் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது அன்றாடப் பேச்சை. பழகிய பொருள்களின் பெயரே வராமல் 'அது, இது' என்று சொல்வது மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகிறதா? கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறாரா? வழக்கமாகப் பார்த்துவந்த வரவு செலவில் தடுமாறுகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரென்று பேச்சு குழறினாலோ, சொல்லே வராமல் நின்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ எங்களைப் போன்றவர்களிடம் நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். சிறிது நேரத்தில் தானாகச் சரியானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தையும் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுப்பார்கள்.