20 ஜிபி ஒரு நொடியில் நகர்வது எப்படி?

சிவராத்திரியை ஒட்டித் திருகோணமலைத் தெருக்களில் கோணேசர் நகர்வலம் வருவார். அதை யாரோ படம் பிடித்து, 20 ஜிபி வீடியோவாக லினக்ஸ் மடிக்கணினியில் போட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பை அதே வட்டில் இன்னொரு கோப்புறைக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினால், என்டர் தட்டியதுமே வேலை முடிந்துவிடும். பென் டிரைவுக்கு நகர்த்தச் சொன்னாலோ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டளை ஒன்று, உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு.

லினக்ஸ் போல, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகளில் கோப்பின் பெயர் கோப்போடு சேர்ந்து இருப்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு பதிவும் அதற்கு ஓர் எண்ணும் உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும், பெயரைத் தவிர. பெயர் இருப்பது கோப்புறையில். கோப்புறை என்பதே பெயரையும் ஐநோட் எண்ணையும் சோடி சோடியாக எழுதிவைத்த பட்டியல்தான். காணி உறுதிப் பத்திரத்தில் பெயரை மாற்றி எழுதினால் காணி நகர்ந்துவிடுமா? அதுபோல, எம்வி ஒரு பட்டியலில் இருக்கும் வரியை எடுத்து இன்னொரு பட்டியலில் எழுதுகிறது. 20 ஜிபி தரவு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் மைனஸ் ஐ சேர்த்துப் பாருங்கள், அதே ஐநோட் எண் வரும். பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் ஒரே கட்டளை போதுமானதும் இதனால்தான்.

எம்வி 1971இல் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் அது முதலில் புதுப் பெயரை இணைக்கும், அப்புறம் பழைய பெயரை நீக்கும். இரண்டுக்கும் நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால் அரைகுறைதான். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பு, இரண்டையும் ஒரே செயலாகச் செய்துதரும்படி நிரல்கள் இயங்குதளத்திடம் கேட்கும் ரீநேம் அழைப்பைக் கொண்டுவந்தது. பார்ப்பவருக்குப் பழைய நிலை தெரியும், அல்லது புதிய நிலை தெரியும். இடைநிலை தெரியாது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பல மென்பொருள்கள் சேமிக்கும்போது முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, அது வட்டில் பதிந்ததும் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. நடுவில் கரண்ட் போனாலும் பழைய கோப்பாவது முழுசாகக் கிடைக்கும்.

பென் டிரைவில் இருப்பது வேறொரு கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் தனி ஏற்பாடு. அதற்கென்று தனி எண்கள். அங்கே வரியை மட்டும் மாற்றி எழுத வழியில்லை என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் மறுத்துவிடும். உடனே எம்வி முழுக் கோப்பையும் நகலெடுத்து, முடிந்த பிறகு மூலத்தை அழிக்கிறது. பாதியில் நின்றால் மூலம் தப்பும். ஆனால் கட்டளை முடிந்தது போலத் தெரிந்தாலும் தரவின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் நிற்கலாம். அந்த நேரம் பென் டிரைவைப் பிடுங்கினால் மூலமும் இல்லை, நகலும் முழுசாக இல்லை. நினைவகத்தில் நிற்பதை எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் கட்டளையைக் கொடுத்து, முறைப்படி வெளியேற்றிய பிறகே கழற்றுங்கள்.

எம்வியிடம் எனக்குப் பெரிய மனக்குறை, அது கேட்காமலேயே மேலெழுதிவிடும் என்பதுதான். குப்பைத்தொட்டி கிடையாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் எடுத்த படங்களை ‘கன்னியா’ என்ற கோப்புறைக்குள் ஒவ்வொன்றாக நகர்த்துகிறீர்கள், ஆனால் அந்தக் கோப்புறையை உருவாக்க மறந்துவிட்டீர்கள். முதல் படத்தின் பெயரே ‘கன்னியா’ ஆகிவிடும். இரண்டாவது படம் முதலாவதை அழித்துக்கொண்டு அதே பெயரில் உட்காரும். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கிணறு. இலக்குப் பெயரின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டால், கோப்புறை இல்லாதபோது எம்வி பிழை காட்டி நின்றுவிடும். மைனஸ் ஐ கொடுத்தால் மேலெழுதும் முன் கேட்கும், மைனஸ் என் கொடுத்தால் மேலெழுதவே எழுதாது.

பல கோப்புகளை ஒரேயடியாகக் குறிக்கும் நட்சத்திரக் குறியிலும் கவனம் வேண்டும். அதைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல், எம்வி அல்ல. விண்டோஸ் கட்டளைவரியில் பெயர் மாற்றும் ரென் கட்டளை நட்சத்திரத்தைத் தானே புரிந்துகொள்ளும், அதனால் எல்லாப் படங்களின் பின்னொட்டையும் ஒரே வரியில் மாற்றலாம். அந்தப் பழக்கத்தில் எம்வியிடம் வந்தால் பெரும்பாலும் பிழைச் செய்திதான். பொருந்துபவை சரியாக இரண்டு கோப்புகளாக இருந்து, இலக்கையும் எழுத மறந்தால் இன்னும் மோசம்: முதலாவது இரண்டாவதன் மேல் ஏறிவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு (தனி எழுத்தோ ‘ி’ போன்ற துணைக்குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட். ‘திருகோணமலை’ கண்ணுக்கு 6 எழுத்து, உள்ளே 10 குறியீடு, 30 பைட். அதிலுள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டாவது வகையில் 33 பைட் ஆகும். வழக்கமான லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடும் என்பதால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ‘திருகோணமலை’ கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். ஒன்றில் போட்ட படத்தை மற்றதில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. சாதாரணமாக இயக்கினால் அது என்னென்ன பெயர்களை மாற்றப்போகிறது என்று காட்டுவதோடு நிற்கும். பட்டியலைப் பார்த்துச் சரி என்று தோன்றினால், நோடெஸ்ட் என்ற தெரிவைச் சேர்த்து மறுபடி இயக்கலாம்.