ஸோரியோனாக்: வாழ்த்துக்குள் ஒரு பறவை

ஸ்பெயினும் பிரான்ஸும் சந்திக்கும் பிரனீஸ் மலைப்பகுதியில் பாஸ்க் மொழி பேசுகிறார்கள். அங்கே பிறந்தநாளுக்கும் சரி, தேர்வில் தேறியதற்கும் சரி, ‘ஸோரியோனாக்’ என்றுதான் வாழ்த்துவார்கள். ‘ஸோரி’ என்றால் அதிர்ஷ்டம், ‘ஓன்’ என்றால் நல்ல. சேர்ந்தால் ‘ஸோரியோன்’, மகிழ்ச்சி. கடைசியில் உள்ள ‘ஆக்’ பன்மை விகுதி.

ஸோரி முதலில் குறித்தது சகுனத்தை. அப்புறம்தான் அதிர்ஷ்டம் என்ற பொருள் வந்தது. சகுனத்துக்கும் முன்னால் அது பறவையாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் மொழியியலாளர்கள். பாஸ்க்கில் பறவைக்குப் பெயர் ‘ச்சோரி’. ஒன்றைச் செல்லமாக, சிறியதாகச் சொல்லும்போது அந்த மொழியில் ‘ஸ’ ஒலி ‘ச்ச’ ஆக மாறுவதுண்டு. நாய்க்கான ‘ஸகுர்’ இப்படித்தான் ‘ச்சகுர்’ ஆனது. அதே வழியில் ஸோரியின் செல்ல வடிவம் பறவையிடம் தங்கிவிட, பழைய வடிவம் சகுனத்தோடு நின்றுவிட்டது.

இது வெறும் ஊகமல்ல. ரோமப் பேரரசர் அலெக்சாண்டர் செவெரஸ் பறவை பார்த்துக் குறி சொல்வதில் வாஸ்கோன்களையே மிஞ்சினார் என்று ஒரு பழைய லத்தீன் வரலாற்று நூல் புகழ்கிறது. வாஸ்கோன்கள் வட ஸ்பெயினில் இன்றைய நவார்ரா பகுதியில் வாழ்ந்தவர்கள்; பாஸ்க் மக்களின் முன்னோராகக் கருதப்படுபவர்கள். அவர்களை அளவுகோலாக வைத்துப் புகழ்கிறார்கள் என்றால், அந்தக் கலையில் அவர்களுக்கு எவ்வளவு பெயர் இருந்திருக்கும்!

பறவை சகுனமாவது பல மொழிகளில் நடந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘சகுன’ என்றாலே பறவைதான். சங்கத் தமிழிலும் ‘புள்’ பறவையையும் நிமித்தத்தையும் சேர்த்தே குறித்தது. இதை வைத்துத் தமிழும் பாஸ்க்கும் உறவு என்று கிளம்பிவிடக் கூடாது. வானத்தைப் பார்த்துப் பயணம் கிளம்பிய மக்கள் எங்கும் இருந்தார்கள், அவ்வளவுதான். பாஸ்க்குக்கு இன்று உயிரோடிருக்கும் உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை.

2021இல் நவார்ராவின் தலைநகரான பாம்ப்லோனாவுக்கு அருகே இருலேகி என்ற இடத்தில், கை வடிவில் வெட்டிய வெண்கலத் தகடு ஒன்று கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் பொறித்திருந்த முதல் சொல்லை ‘ஸொரியோனெகு’ என்று படித்தார்கள். இன்றைய பாஸ்க்கில் ‘ஸோரியோனெகோ’ என்றால் நற்பேறு உடைய. வீட்டு வாசலில் காப்பாகத் தொங்கவிட்ட கை என்றால் அந்தச் சொல் மிகப் பொருத்தம். ஆனால் கடைசி எழுத்தை வேறுவிதமாகப் படிப்பவர்களும் உண்டு. மீதிச் சொற்களோ இன்றைய பாஸ்க் தெரிந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. அவை விளங்காதவரை இந்த ஒப்புமையை உறுதியான சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.