பளபளக்கும் தலை, கரைந்துபோன கழுத்து

குமரிக் கடற்கரையில் என் நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்திலேயே பதினாறடி பிளைவுட் வள்ளம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார். 1980களில் முட்டம் பக்கம் இப்படிப் பலகை வள்ளங்கள் கட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கரைக்கு இது புதிதல்ல. உடல் முடிந்துவிட்டது. எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசின் தடவி, தேய்த்து, பெயின்டும் அடித்தாயிற்று. இனி சாமான்கள் மாட்ட வேண்டும்: நங்கூரக் கயிறு சுற்றும் கிளீட், வலை இழுக்கும் உருளை, தூண்டில் கம்பு செருகும் குழாய், பின்பலகையில் எஞ்சின்.

கடையிலிருந்து கொண்டுவந்த பையைத் திண்ணையில் கொட்டினார். பித்தளை ஸ்க்ரூ, ஜிங்க் (துத்தநாகம்) பூசிய போல்ட்டு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டு, அலுமினியத் தகடு. "எல்லாமே துருப்பிடிக்காத சாமான்தாண்ணே" என்றார். தனித்தனியாகப் பார்த்தால் அதில் பாதி உண்மை. எல்லாவற்றையும் ஒரே படகில் பூட்டி உப்புநீரில் இறக்கினால் அது படகு மட்டுமல்ல, ஒரு பேட்டரியும்கூட.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று கண்ணாடி டம்ளரில் உப்புநீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்டால் ஏறக்குறைய கடல்நீர். முதல் டம்ளரில் ஓர் இரும்பு ஆணியை அப்படியே போடுங்கள். இரண்டாவதில், செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிய ஆணி. மூன்றாவதில், துத்தநாகப் பட்டையை இறுக்கிச் சுற்றிய ஆணி. இரண்டு மூன்று நாளில் முதல் டம்ளரில் துரு தெரியும். செம்பு சுற்றியதில் அதைவிட அதிகம், அடியில் செம்மண் கரைத்த மாதிரி படியும். மூன்றாவதில் ஆணி சுத்தமாக இருக்கும், துத்தநாகம்தான் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

ஒவ்வோர் உலோகமும் தன் எலெக்ட்ரான்களை ஒவ்வொரு அளவு பிடிவாதத்தோடு வைத்திருக்கிறது. துத்தநாகம் எளிதில் விட்டுக்கொடுக்கும். அதைவிடக் கொஞ்சம் கெட்டி அலுமினியம், அப்புறம் இரும்பு, அதற்கு மேல் பித்தளை, செம்பு, வெண்கலம், கடைசியில் நல்ல எஸ்.எஸ். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், எளிதில் விட்டுக்கொடுப்பதிலிருந்து மற்றதற்கு எலெக்ட்ரான்கள் ஓடும். எலெக்ட்ரானை இழந்த அணுக்கள் அயனிகளாகித் தண்ணீரில் கரைந்துபோகும். கடல்நீரில் துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 0.7 வோல்ட்தான். ஆனால் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்யும் 0.7 வோல்ட்.

பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாடத்தை ஒரு முழுக் கப்பலைப் பணயம் வைத்துக் கற்றது. மரத்தைத் துளைக்கும் புழுவுக்குப் பயந்து 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். 1763இல் திரும்பி வந்ததும் சோதித்தால், மரம் பத்திரம், புழு இல்லை. ஆனால் செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அங்கே கிழிபடாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது! உலோகத்தை உலோகம் தொடாமல் தடுத்தது அந்தக் காகிதம். இன்று அலுமினியத்தில் எஸ்.எஸ். போல்ட்டு போடும்போது நைலான் வாசர் வைக்கிறோமே, அதே வேலை.

அந்தக் கப்பலில் இன்னொரு கோளாறும் இருந்தது. செம்பு பெரிய பரப்பு, இரும்பு ஆணி சின்னஞ்சிறு பரப்பு. பெரிய பரப்பு இழுக்கும் மின்னோட்டம் முழுவதையும் சின்ன ஆணிதான் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் பெரிய எஸ்.எஸ். தகட்டை அலுமினிய ரிவெட் அடித்து மாட்டினால் ரிவெட் சீக்கிரம் செத்துப்போகிறது. பெரிய அலுமினியப் பரப்பில் சின்ன எஸ்.எஸ். ஸ்க்ரூ என்றால் சேதம் பரவலாகப் பிரிந்து, காலம் தள்ளும்.

சரி, முழுக்க எஸ்.எஸ். போட்டுவிட்டால்? நண்பரும் அதைத்தான் கேட்டார். எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியத்தால். அது காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். கீறினால் தானே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். பலகைக்குள் புதைந்த போல்ட்டின் கழுத்தில் உப்புநீர் புகுந்து தேங்கினால், அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும். தோல் கிழியும், ஆறாது. வெளியே தலை கண்ணாடி மாதிரி மின்னும். கழற்றிப் பார்த்தால் கழுத்து பென்சில் முனைபோல் மெலிந்திருக்கும். இப்படி ஒன்று என் கையோடு ஒடிந்து வந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

எஸ்.எஸ்.ஸிலும் ரகம் உண்டு. 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது, 304 ரகத்தைவிட உப்பைத் தாங்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்பது கடைத்தெருக் கதை. இரண்டிலும் பெரிதாக ஒட்டாது. எப்போதும் நீருக்கு அடியில் இருக்கும் இடத்துக்கு சிலிக்கான் வெண்கலம் உத்தமம். 96 சதவீதம் செம்பு, 3 சதவீதம் சிலிக்கான், மிச்சம் மாங்கனீசு. விலைதான் கண்ணைக் கட்டும். பித்தளை ஸ்க்ரூ அங்கே வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, ரோஸ் நிறத்தில் ஒரு செம்புப் பஞ்சு மிஞ்சும். பார்க்க ஸ்க்ரூ, திருகினால் தூள்.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மரத்தைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் தென்னைநார்க் கயிற்றால் தைத்தவை, அலையில் வளைந்துகொடுக்கும். ஆணியில்லாத படகைப் பார்த்த அந்தக் காலத்துப் பயணிகள் சிலர், கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறது, ஆணிகளை உருவிவிடும் என்று கதை கட்டினார்கள். உருவுவது காந்தமல்ல, உப்பு.

நண்பரின் வள்ளத்திலோ போல்ட்டு இல்லாமல் முடியாது, அதன் கழுத்தில் உப்புநீர் தேங்கவும் கூடாது. ஆகவே ஓட்டை போடுவதில்தான் பாதி வேலை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 12 மில்லிமீட்டர் ஓட்டை. அதை எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றிப் பலகை இல்லை, எபாக்சிக் குழாய்தான் இருக்கிறது. நீர் கசிந்தாலும் பிளைவுட் குடிக்காது. துளையின் வாயைக் கொஞ்சம் சாய்வாகக் குடைந்துவிட்டால், அதில் தடவும் சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை, ஒரு வளையமாகத் தங்கும்.

கிளீட்டுக்கு அடியில் தகடும் வேண்டும். அலையில் நங்கூரக் கயிறு சுண்டி இழுக்கும்போது விசை முழுவதும் நான்கு வாசர் மேல் விழும். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் சாதாரண வாசர் நான்கும் சேர்ந்து சுமார் 580 சதுர மில்லிமீட்டர். 100க்கு 75 அளவில் ஒரு தகடு வைத்தால் அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பரப்பு. பலகை நசுங்காது.

எஞ்சினின் நீருக்குள் இறங்கும் அலுமினியக் காலில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியை நண்பர் அழகுக்காகப் பெயின்ட் அடிக்கப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்றாவது டம்ளரின் பட்டை அதுதான். தான் கரைந்து அலுமினியத்தைக் காப்பது அதன் உத்தியோகம், பெயின்ட் அடித்தால் வேலைநிறுத்தம். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். 1824இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இதே தந்திரத்தால் கப்பலின் செம்புத் தகட்டைக் காத்துக்காட்டினார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரையும் செம்புதான் சிப்பிகளுக்கும் பாசிக்கும் விஷம். அது நின்றதும் அவை வந்து அப்பிக்கொண்டன, கப்பல் வேகம் இழந்தது.

பித்தளை ஸ்க்ரூக்களைத் திருப்பிக் கொடுக்க நண்பருக்கு மனமில்லை. வீட்டில் சாமி அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டுவிட்டார்.