ஒரு 'ரீட்' ஒரு செய்தி அல்ல

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் சில பிள்ளைகளுக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் நெட்வொர்க் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அழைப்புக்குக் காத்திருக்க ஒரு சேர்வர்சொக்கெட், இணைந்து பேச ஒரு சொக்கெட், இருபது முப்பது வரி. முதல் நாளே சாட் புரோகிராம் ஓடிவிடும், அதுவும் ஒரே லேப்டொப்புக்குள். அங்கே ஓடுவதை வைத்து "எல்லாம் சரி" என்று நம்பிவிடுவதுதான் எனக்குப் பயம்.

நானும் அப்படி நம்பியவன்தான். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் பில் மென்பொருள் எழுதினேன். பில் விவரம் கடையிலிருந்து கிடங்குக் கணினிக்குப் போகவேண்டும். பெயர், சாமான் எல்லாம் தமிழில். சின்ன பில்கள் ஒழுங்காகப் போயின. நீளமான பில்லில் மட்டும் நடுவே ஓர் எழுத்து சிதைந்து கேள்விக்குறியாக வந்தது. இரண்டு நாள் எழுத்துருவைச் சந்தேகித்தேன்.

பிழை வேறிடத்தில் இருந்தது. கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுபோகும் நெறிமுறையான டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்று தெரியாது. பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. மேலே தாங்கியில் இரண்டு வாளி ஊற்றிவிட்டுக் கீழே குழாயைத் திறந்தால், எது எந்த வாளித் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? வந்த பைட்டுகளை ஒருமுறை 'ரீட்' செய்தால், அதாவது வாசித்தால், பாதிச் செய்தியும் வரலாம், ஒன்றரையும் வரலாம்.

தமிழுக்கு இது கூடுதல் ஆபத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'கொழும்பு' கண்ணுக்கு 4 எழுத்து. கணினிக்கு எழுத்தும் அதோடு சேரும் குறியும் புள்ளியும் தனித்தனி; 8 குறியீடு, 24 பைட். என் பஃபர், அதாவது ஒரு 'ரீட்' வாங்கிவைக்கும் தற்காலிக இடம், 1024 பைட். தமிழ் மட்டுமே வந்தால் 341 குறியீடு 1023 பைட்டில் முடிந்துவிடும். அடுத்த குறியீட்டின் ஒரு பைட் மட்டும் இந்தத் துண்டில் மாட்டிக்கொள்ளும். நான் துண்டுக்குத் துண்டு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஆக்கியதால் அந்த எழுத்து உடைந்தது.

செய்தியின் நீளத்தை முதலில் 4 பைட் இன்டாக (முழு எண்ணாக) அனுப்பி, மறுபக்கம் 'ரீட்ஃபுல்லி' கொண்டு அவ்வளவையும் வாங்கிய பிறகு ஸ்ட்ரிங் ஆக்குங்கள். யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். ஜாவா 18 முதல்தான் அது இயல்பாக வருகிறது. கடைகளில் இன்னும் ஜாவா 8 கிடக்கிறது.

அப்புறம் டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. 'செட் எஸ்ஓ டைம்அவுட்' வைக்காவிட்டால் அதன் மதிப்பு 0, அதாவது முடிவில்லாத காத்திருப்பு. மறுபக்கம் கரண்ட் போனால் உங்கள் 'ரீட்' அப்படியே காத்துக்கொண்டு நின்றுவிடும்.

பிள்ளைகளிடம் இப்போது பஃபரை 7 பைட்டாகக் குறைத்துத் தங்கள் பெயரைத் தமிழில் அனுப்பச் சொல்கிறேன். மூன்றாவது குறியீட்டிலேயே பிழை வெளியே வந்துவிடுகிறது.