30 நிமிடத்தில் பெங்களூரு சரி, கதவை எப்படித் திறப்பது?

வெற்றிடக் கலன்களில் கசிவு கண்டுபிடிப்பது என் தொழில். மருந்து ஆலைகளின் உறைநிலை உலர்த்திகள், உலோகத்தைப் பதப்படுத்தும் வெற்றிட உலைகள், செயற்கைக்கோள் பாகங்களைச் சோதிக்கும் அறைகள் என்று எங்கெல்லாம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வேலை செய்ய வேண்டுமோ, அங்கெல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள். அதனால், காற்றை நீக்கிய குழாய்க்குள் பயணிகள் பெட்டியை ஓட்டும் ஹைப்பர்லூப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், தெரிந்தவர்கள் "இது நடக்குமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். 'சென்னையிலிருந்து 30 நிமிடத்தில் பெங்களூரு' என்று வேகம் எப்போதும் செய்தியின் தலைப்பிலேயே இருக்கிறது. கதவைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. வெற்றிடத் தொழிலில் இருப்பவனுக்குக் கண் முதலில் போவது கதவின் மேல்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2013 ஆகஸ்டில் ஈலான் மஸ்க் ஓர் அறிக்கை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு எஃகுக் குழாய் அமைத்து, உள்ளே காற்றழுத்தத்தை 100 பாஸ்கலுக்கு, அதாவது நாம் மூச்சுவிடும் காற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைத்து, பயணிகள் பெட்டியை மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டலாம், 35 நிமிடத்தில் போய்விடலாம் என்றது அது. யோசனை அவருடையது மட்டுமல்ல. முதல் உலகப் போருக்கு முன்பே ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரில் போரிஸ் வைன்பெர்க் என்ற பேராசிரியர், காற்று நீக்கிய குழாயில் காந்தத்தால் மிதக்கும் வண்டிக்கு மாதிரி செய்து காட்டினார். சுவிட்சர்லாந்தில் இதே யோசனையில் பல ஆண்டுகள் பேசப்பட்ட சுவிஸ்மெட்ரோ திட்டம் 2009இல் மூடப்பட்டது. நம் ஊரில், சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்குச் சற்று கூடுதலான சோதனைக் குழாய் 2024 இறுதியில் தயாரானது. ரயில்வே அமைச்சகத்தின் நிதி உதவியோடு, 'அவிஷ்கார்' என்ற மாணவர் குழுவின் உழைப்பில் எழுந்தது அது. நல்ல வேலை. மாணவர்கள் கையால் இவ்வளவு பெரிய குழாய் எழுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

100 பாஸ்கல் என்பது எங்கள் தொழிலில் பெரிய வெற்றிடமே இல்லை. சாதாரண இயந்திர பம்ப்பே அங்கே கொண்டுபோய்விடும். அமெரிக்காவில் ஈர்ப்பு அலைகளைக் கண்டறியும் லைகோ ஆய்வகத்தில் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்களில், இதைவிடப் பல கோடி மடங்கு தூய்மையான வெற்றிடத்தை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கிறார்கள். ஆகவே "இவ்வளவு பெரிய வெற்றிடம் சாத்தியமே இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் லைகோவின் மொத்த வெற்றிடக் கொள்ளளவு சுமார் 10,000 கன மீட்டர். 3 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குழாயைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கிலோமீட்டர் போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 25 லட்சம் கன மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு: லைகோ குழாய்க்குள் யாரும் ஏறி இறங்குவதில்லை.

கசிவு சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். கலனிலிருந்து காற்றை எடுத்துவிட்டு, ஹீலியத்தை மட்டும் அடையாளம் காணும் கருவியை அதில் இணைப்போம். பிறகு வெளியே ஒவ்வொரு வெல்டிங் மீதும், போல்ட் போட்டு இணைக்கும் ஒவ்வொரு விளிம்பு (ஃபிளாஞ்ச்) மீதும் சன்னமான முனையால் ஹீலியத்தைத் தூவிக்கொண்டே போவோம். ஹீலியம் மேலே எழும்பும் வாயு. அதனால் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். கீழிருந்து தொடங்கினால் வாயு மேலே போய் வேறோர் ஓட்டையில் நுழையும். கருவி எந்த ஓட்டையைக் காட்டுகிறது என்று தெரியாமல் அரை நாள் அலைவோம். இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல் கிடக்கும் ஒற்றைத் தலைமயிர் போதும், கருவியின் முள் எகிற. சில சமயம் கசிவே இருக்காது. போல்ட் துளையின் அடியில் சிக்கிய காற்று மரையின் இடுக்கு வழியாக நாள் கணக்கில் மெல்ல ஊறிக்கொண்டிருக்கும். கலன் முழுக்கத் தேடினாலும் வெளியே ஓட்டை அகப்படாது. போல்ட்டின் நடுவே நீளவாக்கில் துளை போட்டால்தான் தீரும்.

சின்னக் கலனில் ஹீலியம் உள்ளே நுழைந்த சில வினாடிகளில் முள் அசையும். 3 மீட்டர் விட்டக் குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு 7,000 கன மீட்டர் இடம் இருக்கிறது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் இழுக்கும் பம்ப் இருந்தாலும் குறி தெளிவாகத் தெரிய இரண்டு மணி நேரம் பிடிக்கும். பம்ப்களைக் கூட்டலாம், குழாயைப் பகுதி பகுதியாக அடைத்துச் சோதிக்கலாம். செய்ய முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செலவையும் ஆள்பலத்தையும் திட்ட மதிப்பீட்டில் நான் தேடிப் பார்க்கிறேன். எஃகு வேறு வெயிலில் நீளும். 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு 36 சென்டிமீட்டர். 350 கிலோமீட்டருக்கு 126 மீட்டர். அந்த நீட்சியை விழுங்க நெகிழ் இணைப்புகள் வைத்தாக வேண்டும். எங்கள் கண்ணுக்கு ஒவ்வோர் இணைப்பும் நாளைக்கு ஒழுகப் போகிற இடம்.

குழாயின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன். நீராவியால் கழுவிய டேங்கரைச் சூடு ஆறுவதற்குள் மூடிவிட்டால் என்னவாகும் என்று ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஆவி குளிர்ந்து நீராகும், வெற்றிடம் உண்டாகும், தடித்த எஃகு ஒரே நொடியில் அப்பளமாக நொறுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து எச்சரிக்கை தராது என்பதுதான் அதில் பயங்கரம். குழாயை அதற்கேற்ற தடிமனில், வளையங்கள் வைத்துக் கட்டலாம். லாரி மோதுவதும், நிலம் இறங்குவதும், துரு அரிப்பதும் கணக்கில் வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி கதவு. பெட்டி நிலையத்துக்கு வந்து நிற்கிறது. உள்ளே சாதாரணக் காற்று, சுற்றிலும் வெற்றிடம். இறங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பெட்டியை ஓர் அறைக்குள் இழுத்து, முன்னும் பின்னும் அடைத்து, காற்றை நிரப்புவது. இறக்கி ஏற்றிய பிறகு அந்த அறையின் காற்றை மறுபடி உறிஞ்ச வேண்டும். பெட்டியைச் சுற்றி 100 கன மீட்டர் இடம் என்று வைத்து, இரண்டே நிமிடத்தில் 100 பாஸ்கலுக்கு இறக்க வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 20,000 கன மீட்டர் இழுக்கும் பம்ப் அணி தேவை. அதுவும் ஒரே ஓர் அறைக்கு. இரண்டாவது வழி, பெட்டியின் கதவை நிலையத்தின் கதவோடு ஒட்டவைத்து, நடுவில் உள்ள இடுக்கை மட்டும் காற்றால் நிரப்புவது. பம்ப் செலவு மிச்சம். ஆனால் ஒரு ரப்பர் வளையம், தினமும் நூற்றுக்கணக்கான தடவை, தூசியோடும் பயணியின் சூட்கேஸ் சக்கரத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். எங்கள் உலைகளில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துணியால் துடைத்துப் பார்த்துத்தான் மூடுகிறோம். நிலையத்தில் யார் துடைப்பார்கள்?

நடுவழியில் பெட்டியிலேயே கசிவு வந்தால்? 2013 அறிக்கை, விமானத்தில் போல ஆக்சிஜன் முகமூடி இறங்கும் என்றது. என் துறையில் இருக்கிற யாருக்கும் அந்த வரி உறுத்தும். விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. முகமூடி அங்கே உதவும். 19 கிலோமீட்டருக்கு மேலே உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். 100 பாஸ்கல் என்பது 48 கிலோமீட்டர் உயரத்துக்குச் சமம். அங்கே அழுத்த உடை இல்லாமல் முகமூடியால் பயனில்லை. 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் கழன்றது. 14 வினாடிகளில் நினைவு தப்பியது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் தனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது என்று பிறகு சொன்னார். வெளியே இருந்தவர்கள் உடனே அறையைக் காற்றால் நிரப்பியதால் பிழைத்தார். 1971இல் சோயூஸ் 11 விண்கலத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டபோது காற்றை நிரப்ப யாருமில்லை. அழுத்த உடை அணியாத மூன்று வீரர்களும் இறந்தனர்.

ஆகவே உயிர் காக்கும் வழி குழாயைக் காற்றால் நிரப்புவதுதான். கணக்கு அதற்கு எதிராகவும் இல்லை. 10 கிலோமீட்டர் பகுதியை இரு பக்கமும் அடைத்து, மொத்தம் ஆறேழு சதுர மீட்டர் அளவுக்குத் திறப்புகள் வைத்தால் ஒரு நிமிடத்தை ஒட்டி மூச்சுவிடக் கூடிய அழுத்தம் வந்துவிடும். சிக்கல் பின்னால் வரும் பெட்டியில் இருக்கிறது. மணிக்கு 1,000 கிலோமீட்டரில் வருகிற பெட்டி, பயணிகளுக்கு ஆபத்தில்லாத அளவில் பிரேக் பிடித்தால் நிற்க 20 கிலோமீட்டர் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முன்னால் உள்ளவர்களைக் காப்பாற்றக் காற்றை விட்டால் பின்னால் வருகிறவர்கள் அந்தக் காற்றிலோ, அடைத்த வால்விலோ மோத வேண்டியிருக்கும். யாரை முதலில் நிறுத்துவது, எந்த வால்வை எப்போது மூடுவது என்பதைக் கணினி சில வினாடிகளில் முடிவுசெய்ய வேண்டும். அதோடு, அத்தனை வால்வுகளில் ஏதாவது ஒன்று காரணமில்லாமல் திறக்கவும் கூடாது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் புதிய ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிற இடம் இது.

1996 நவம்பரில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தீப்பிடித்தது. அதில் இருந்த 30க்கும் மேற்பட்டோர் பக்கத்தில் ஓடும் சேவைச் சுரங்கத்துக்குள் நுழைந்து தப்பினர். கதவைத் திறந்து நடக்க முடிந்ததால் பிழைத்தவர்கள் அவர்கள்.

பயணிகளை ஏற்றிய சோதனைகள் இதுவரை எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் வர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் 500 மீட்டர் குழாயில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் சென்றனர். மும்பை - புணே தடத்துக்கு மகாராஷ்டிர அரசோடு ஒப்பந்தம் போட்டதும் இதே நிறுவனம்தான். 2022இல் பயணிகளை விட்டுவிட்டுச் சரக்குக்கு மாறியது. 2023 இறுதியில் கடையைக் கட்டியது. ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2023 ஜூலையில் பயணிகளோடு வெற்றிடத்தில் ஓட்டிக் காட்டியது. குழாயின் நீளம் 24 மீட்டர். நெதர்லாந்தின் வீன்டாம் (Veendam) என்ற ஊரில் 420 மீட்டர் சோதனை மையம் 2024இல் திறந்தது. குழாய் கிளை பிரியும் இடத்தில் பெட்டியைத் தடம் மாற்றுவது அங்கே முக்கியச் சோதனை. சீனாவில் தாதோங் நகரில் 2 கிலோமீட்டர் தடம் இருக்கிறது.

எல்லாம் சரியாக நடந்தாலும் எத்தனை பேர் போக முடியும் என்ற கேள்வி மிச்சம். 2013 அறிக்கையின் கணக்கில் ஒரு பெட்டிக்கு 28 பேர், சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு பெட்டி: மணிக்கு 840 பேர். நெரிசல் நேரத்தில் 30 வினாடிக்கு ஒன்று விடலாம் என்றார்கள். அந்த 30 வினாடியில் பெட்டி 8 கிலோமீட்டர்தான் கடந்திருக்கும். நிற்க வேண்டியதோ 20. ஜப்பானின் டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயில் தடத்தில் மணிக்கு 17 ரயில் வரை ஒரே திசையில் விடுகிறார்கள், ஒவ்வொன்றிலும் 1,323 இருக்கை. 20,000க்கும் மேற்பட்டோர் போகும் பாதையையும் 840 பேர் போகும் பாதையையும் போடுவதற்கு நிலமும் தூணும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வேண்டியிருக்கும். அப்படியானால் டிக்கெட் யாருக்குக் கட்டுப்படியாகும்? எனக்கு இதுதான் கதவைவிடப் பெரிய சந்தேகம். சரக்குக்கு, அதுவும் அவசரச் சரக்குக்கு இந்தக் குழாய் முதலில் பயன்படும் என்பது என் கணிப்பு. பார்சல் மூச்சுவிடுவதில்லை.

நான் எதிர்பார்த்திருக்கும் சோதனை ஒன்றுண்டு. பத்து கிலோமீட்டருக்குக் குறையாத குழாயில், இரண்டு பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே ஓர் அடைப்பு வளையத்தைக் கிழித்துவிட வேண்டும். இரண்டும் நின்று, குழாயில் காற்று நிரம்பி, கதவு திறந்து, உள்ளிருக்கும் பொம்மைகளின் மேல் பொருத்திய அழுத்தமானிகள் என்ன காட்டின என்பதை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். வேகச் சாதனையைவிட அந்த வரைபடம் எனக்கு அதிகம் சொல்லும்.

சென்ற மாதம் என் மாமா ஒருவர், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு மனை பார்த்திருப்பதாகவும் "ஹைப்பர்லூப் நிலையம் பக்கத்திலேயே வருகிறது" என்று தரகர் சொல்வதாகவும் தொலைபேசியில் சொன்னார். நிலம் எடுப்பதற்கான அரசு அறிவிக்கை எண்ணைத் தரகரிடம் கேளுங்கள் மாமா, புல எண்ணோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள் என்றேன். தரகர் அதற்குப் பிறகு விரைவுச்சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். அந்தப் பக்கம் சென்னை - பெங்களூரு விரைவுச்சாலை உண்மையாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதால் அதை நான் மறுக்கவில்லை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு, அந்தச் சாலைக்கு எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு மட்டும் கொடுங்கள், குழாய்க்கென்று சேர்த்து ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.