சோற்றுப் பையும் கட்டாக்காலி மாடும்

போன கிழமை ஒரு சினைப்பசு. கலியாண மண்டபம் ஒன்றின் பின்பக்கம் கொட்டிக்கிடந்த சோற்றை விடியப்புறம் வயிறு முட்டத் தின்றிருக்கிறது. என்னைக் கூப்பிட்டது அடுத்த நாள் மத்தியானம். கண் குழி விழுந்து, தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. சேலைன் ஏற்றினேன், அப்பச்சோடா கரைத்துக் குழாயால் வயிற்றுக்குள் விட்டேன். இரவு தாண்டவில்லை. இந்த மாதம் இது மூன்றாவது.

“சோறுதானே டொக்டர், நஞ்சே?” என்றார் பக்கத்து வீட்டு ஐயா. அந்த அளவில் நஞ்சுதான் ஐயா. மாட்டின் முதல் வயிறு புல்லையும் வைக்கலையும் புளிக்க வைக்கிற பானை. அந்த வேலையைச் செய்வது உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பழக்கமில்லாமல் ஒரு வாளி சோறு இறங்கினால் அமிலம் சுரக்கிற கூட்டம் மட்டும் பெருகி, மற்றவை செத்துப்போகும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும், கால் தாங்காது. பசித்த வாயில்லாச் சீவனுக்குப் போட்டேன், புண்ணியம் என்கிறீர்கள். பொங்கலும் அப்படித்தான், பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் என் போன் ஓய்வதில்லை. ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், கும்பிடுங்கள், போதும். அண்டாவை முன்னால் வைக்காதீர்கள்.

அதைவிடக் கொடுமை, அந்தச் சோற்றை ஷொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு மதிலடியில் வைப்பது. மாடு முடிச்சு அவிழ்க்காது, பையோடு விழுங்கும். அதற்கு வாந்தி எடுக்கத் தெரியாது. சாணியோடும் போகாது. இடது விலாவைக் கீறி நான் அள்ளியெடுத்தவற்றில் கயிறு, பால் பைக்கற், ஒருமுறை குழந்தையின் காலுறையும் இருந்தது. கம்பியோ ஆணியோ போனால் இன்னும் மோசம்: அது இரண்டாம் வயிற்றில் தங்கிக் குத்தும், அங்கிருந்து இதயத்துக்கு அதிக தூரமில்லை.

சோறு கிடைக்கிற இடத்துக்கு மாடு நாளைக்கும் வரும். நெடுந்தீவுக் குதிரைகளுக்கு ஆளில்லை, அவை தானாகத் திரிகின்றன. நம் யாழ்ப்பாண ரவுணில் திரிகிற மாடுகளில் முக்கால்வாசிக்கு ஆள் இருக்கிறது. காலையில் பால் கறந்துவிட்டு அவிழ்த்து விடுகிறவர், உள்ளூராட்சி சபை பிடித்துக் கட்டித் தண்டம் கேட்டால் மட்டும் சொந்தம் கொண்டாடுவார். மாரிமழையோடு காலபோக நெல் விதைத்ததும் வயலிலிருந்து கலைபடுகிற மாடு எங்கே போகும்? மாரியில் வெளியெல்லாம் ஈரம், தார் றோட்டுத்தான் காய்ந்த படுக்கை. செம்மணிப் பக்கம் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்குத் தெரியும், கறுத்த மாடு கிட்டப் போகும்வரை கண்ணுக்குப் படாது.

வளர்ப்பவர்களே, பொழுதுபட்டால் கொட்டிலில் கட்டுங்கள். கழுத்துக் கயிற்றில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி ஒன்று கட்ட எவ்வளவு செலவாகும்? மண்டபக்காரர்களே, மிஞ்சிய சோற்றைக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கள், வாழைக்காவது உரமாகும். புண்ணியம் வேண்டுமென்றால் பூவரசங்குழை ஒரு கட்டும் தொட்டி நிறையத் தண்ணீரும் வையுங்கள்.

மாடு விழுந்து கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். வாய்க்குள் எண்ணெயோ தண்ணீரோ பருக்கவே வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சில் படுக்கிற மாதிரி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மண்மூட்டை அணைத்துவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து, அடுத்த நாள் மத்தியானம் அல்ல.