ஸ்கேன் செய்யும் கைக்குத் தொலைவிலிருந்து மதிப்பெண்

திருச்சி - ராமேஸ்வரம் சாலையில், தேவகோட்டைப் பக்கம், இரவில் ஒரு பைக் விபத்து என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவருக்கு வெளிக்காயம் பெரிதாக இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. பணியில் இருக்கும் இளம் டாக்டர் வயிற்றில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்கிறார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் உடனே மதுரைக்கு அனுப்பியாக வேண்டும். அவர் பார்த்தது சரிதானா என்று சொல்ல அந்த நேரத்தில் அங்கே ரேடியாலஜிஸ்ட் கிடையாது. அவருடைய ஸ்கேன் திறனை யாராவது முன்பே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வேலை பார்க்கும் டாக்டரின் திறனை, மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் நிபுணர் சோதிப்பது எப்படி?

டாக்டர் கையில் பிடித்து உடல்மேல் நகர்த்தும் புரோப் அனுப்பும் ஒலி, வயிற்று ஸ்கேனில் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். உடல் திசுவுக்குள் அது நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து மெஷின் ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் திரையில் தெரிவது மெல்லிய ஒரு குறுக்குவெட்டு மட்டும்தான். வெள்ளரிக்காயை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நறுக்குகிறோமோ அந்த வில்லைதானே கண்ணுக்குத் தெரியும், அதுபோல. கையைக் கொஞ்சம் சாய்த்தால் வேறு படம் வந்துவிடும்.

மல்லாந்து படுத்திருப்பவருக்கு வயிற்றில் கசியும் ரத்தம் பெரும்பாலும் ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் சேரும். திரையில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். ரத்தம் குறைவாக இருந்தால் ஈரலின் கீழ் நுனியில்தான் முதலில் தெரியும். புரோபை அதுவரை கொண்டுபோகாமல் நடுவில் ஒரு படம் எடுத்து நிறுத்தினால், படம் பளிச்சென்று அழகாக இருக்கும், கசிவு தப்பிவிடும். விலா எலும்பின் நிழலும் கறுப்பாக விழுந்து குழப்பும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் ஈரல் கீழே இறங்கி, நிழலுக்கு வெளியே வரும். இதைச் செய்தாரா இல்லையா என்பது ஒற்றைப் படத்தில் தெரியாது.

அதனால்தான் நல்ல தொலைச் சோதனையில் இரண்டு வீடியோ வேண்டும் என்கிறேன்: ஒன்று ஸ்கேன் திரை, இன்னொன்று டாக்டரின் கை. இரண்டும் ஒரே நேரத்துக்குப் பொருந்த வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் எந்த அசைவு எந்தப் படத்தைத் தந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நோயாளியின் முகம் வீடியோவில் விழக் கூடாது. திரையின் ஓரத்தில் வரும் பெயரையும் மறைத்தாக வேண்டும்.

நேரலையில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சிக்னல் குறைந்தால் வீடியோ தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். நுணுக்கமான சாம்பல் நிற வேறுபாடுகள்தான் முதலில் கரையும். பிறகு தவறு டாக்டருடையதா, இணையத்துடையதா என்றே சொல்ல முடியாது. சில நொடி கிளிப்புகளை முழுத் தரத்தில் சேமித்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புவது சிற்றூர்களுக்கு ஒத்துவரும்.

மதிப்பெண்ணுக்கு அளவுகோல்கள் இருக்கின்றன. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் அமைப்பு படத்தின் தரத்துக்கு 1 முதல் 5 வரை கொடுக்கிறது. நோயைக் கண்டறியப் போதுமான படம் என்றால் 3. ஓசாஸ் என்ற இன்னொரு அளவுகோல் 7 அம்சங்களைப் பார்க்கிறது: ஸ்கேன் தேவைதானா, மெஷினைக் கையாளத் தெரிகிறதா, படத்தைச் சீராக்குகிறாரா, வரிசையாகத் தேடுகிறாரா, சரியாகப் புரிந்துகொள்கிறாரா, பதிவு செய்கிறாரா, அதைக் கொண்டு சரியான முடிவெடுக்கிறாரா. எனக்கு இதுதான் நேர்மையான முறையாகத் தெரிகிறது. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். இருவருக்கும் நிறைய வேறுபட்டால் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது.

நம் நாட்டில் சட்டமும் குறுக்கே வரும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்தாக வேண்டும். கையடக்கக் கருவி என்றாலும் நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடு அவசியமானது. மெஷின் பதிவான இடத்திலேயே இருக்க, கிளிப் மட்டும் பயணம் செய்யும் முறை அதற்கு ஒத்துப்போகிறது. தொடக்கத்தில் வயிறு, நுரையீரல், இதயம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதிப்பெண் மட்டும் அனுப்பினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. "ஈரலின் கீழ் நுனி வரை போகவில்லை, கெயினை (படத்தின் வெளிச்சத்தை) கொஞ்சம் கூட்டுங்கள்" என்று அதே கிளிப்பில் சுட்டிக்காட்டி, அந்த நோயாளி நினைவில் இருக்கும்போதே திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம், மதுரையில் எடுத்த சி.டி. ஸ்கேனிலோ அறுவை சிகிச்சையிலோ உண்மையில் என்ன இருந்தது என்ற தகவலும் தேவகோட்டை டாக்டருக்கு வந்து சேர வேண்டும்.